கீரை ஆயும் காட்சி: இணையத்தில் படத்தொகுப்பு கற்ற ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

2023 ஆகஸ்டில் சாலிகிராமத்தில் உள்ள என் எடிட்டிங் அறைக்கு 24 வயது இளைஞர் ஒருவர் உதவியாளராகச் சேர விரும்பி வந்தார். வியாசர்பாடியில் வசிப்பவர், ராயபுரத்தில் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்யும் கடை ஒன்றில் 4 ஆண்டுகள் எடியஸ் மென்பொருளில் வேலை பார்த்தவர். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. தரமணியில் உள்ள அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் படத்தொகுப்புப் பிரிவு இருப்பது அவருக்குத் தெரியும் என்றாலும், மூன்று நான்கு ஆண்டுகள் சம்பாதிக்காமல் இருக்கக் குடும்ப நிலைமை இடம் கொடுக்கவில்லை. அதனால் 14 மாதங்களாக, கடை வேலை முடிந்து வீடு திரும்பிய பின் இரவு பத்து மணிக்கு மேல், இணையத்தில் கிடைத்தவற்றைக் கொண்டே எடிட்டிங் கற்று வந்ததாகச் சொன்னார்.

அவருடைய அனுமதியோடு, பெயரைத் தவிர்த்து, அடுத்த பத்து மாதங்களில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். இணையத்தை மட்டும் நம்பி இந்தத் தொழிலைக் கற்க முயல்பவர்கள் சென்னையில் இன்று ஏராளம். அவர்கள் எவ்வளவு தூரம் வந்துசேர்கிறார்கள், எந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள் என்பதை ஒருவரையாவது பக்கத்தில் இருந்து பார்த்து எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

அவர் கற்றிருந்தவை

அவர் கையில் 2 நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. முதல் நோட்டில் டாவின்சி ரிசால்வ் மென்பொருளைப் பற்றிய குறிப்புகள். அந்த மென்பொருள் முதலில் வண்ணச் சீரமைப்புக்கான கருவியாக இருந்து, 2009-ல் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்தின் கைக்கு வந்த பிறகு படிப்படியாக முழு எடிட்டிங் மென்பொருளாக வளர்ந்தது. அதன் இலவசப் பதிப்பே ஒரு குறும்படத்தை முடிக்கப் போதுமானது. அதைவிட முக்கியமாக, அந்த நிறுவனம் தன் பயிற்சிப் புத்தகங்களைப் பிடிஎஃப் வடிவிலும், அவற்றுக்கான பயிற்சிக் காட்சிகளையும் தன் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. இந்த மாணவர் தொடக்கப் புத்தகத்தையும் எடிட்டர்களுக்கான புத்தகத்தையும் முழுதாக முடித்திருந்தார். ஆங்கிலம் மெதுவாகத்தான் படிக்க வரும் என்பதால், ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் தானே விளக்கம் எழுதி வைத்திருந்தார். டிரிம் என்ற சொல்லுக்கு எதிரே 'ஓரம் கத்தரித்தல், நடுவில் கை வைக்கக் கூடாது' என்று எழுதியிருந்தது. தையல்காரர் சொல்வதுபோன்ற அந்த விளக்கத்தைவிடச் சரியான ஒன்றை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

இரண்டாவது நோட்டு, எடிட்டிங் குறித்த சிந்தனைகளுக்கானது. டோனி சோவும் டெய்லர் ரேமோஸும் 2014 முதல் யூடியூபில் வெளியிட்ட எவ்ரி ஃப்ரேம் எ பெயின்டிங் காணொளிக் கட்டுரைகள், ஸ்வென் பேப் என்ற எடிட்டர் தன் டைம்லைனையே (மென்பொருளில் ஷாட்கள் வரிசையாக அடுக்கப்படும் பட்டியை) திறந்து காட்டிப் பேசும் திஸ் கை எடிட்ஸ் சேனல், ஸ்டீவ் ஹல்ஃபிஷ் பல நூறு எடிட்டர்களைப் பேட்டி கண்டு எழுதிய ஆர்ட் ஆஃப் தி கட் தொடர் ஆகியவற்றில் இருந்து எடுத்த குறிப்புகள் அதில் நிறைந்திருந்தன. அமெரிக்க எடிட்டர் வால்டர் மர்ச் ஒரு கட்டை, அதாவது ஒரு ஷாட்டில் இருந்து அடுத்ததற்கு எங்கே வெட்டுவது என்பதை, தீர்மானிக்க வகுத்த 6 அளவுகோல்களும் அவற்றின் எடையும் ஒரு முழுப் பக்கத்தில் கட்டம் கட்டி எழுதப்பட்டிருந்தன: உணர்ச்சி 51, கதை 23, லயம் 10, பார்வை செல்லும் இடம் 7, திரையின் தளம் 5, நடிப்பு நிகழும் வெளி 4. கேட்டவுடன் பிசகாமல் ஒப்பித்தார். ரஷ்ய இயக்குநர் கூலெஷோவின் சோதனையை, ஒரே முகத்தை அடுத்து எதைக் காட்டுகிறோம் என்பதை வைத்தே பார்வையாளர் அந்த முகத்தில் பசியையோ துயரத்தையோ படிக்கிறார் என்பதை, எனக்கே அழகாக விளக்கினார்.

தமிழில் வெளியாகும் எடிட்டிங் பாடக் காணொளிகளையும் நிறையப் பார்த்திருந்தார். அவற்றில் பெரும்பாலானவை ஒரு டிரான்சிஷனை எப்படிப் போடுவது, எழுத்தை எப்படி மின்ன வைப்பது என்ற அளவில் இருந்ததாகச் சொன்னார். நான் பார்த்த வரையிலும் நிலைமை அதுதான்.

முதல் சோதனை

அப்போது என்னிடம் ஒரு குறும்படத்தின் வேலை இருந்தது. அயனாவரத்தில் ஒரு வாடகை வீட்டின் பின்கட்டில் எடுக்கப்பட்ட காட்சி ஒன்றை, இயக்குநரிடம் கேட்டுக்கொண்டு, அவரிடம் கொடுத்தேன். அம்மா முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். மகள் வந்து உட்கார்ந்து, சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில் வேலையை விட்டுவிட்டதாகச் சொல்கிறாள். 9 ஷாட்கள், அவற்றைத் திரும்பத் திரும்ப எடுத்ததில் 26 டேக்குகள், மொத்தம் 41 நிமிட ரஷ், அதாவது வெட்டப்படாத மூலப் படம். உதவி இயக்குநர் எழுதிய ரிப்போர்ட்டும் உடன் இருந்தது. இரண்டு நாள் அவகாசம் கொடுத்தேன்.

அவர் ஒரே நாளில் முடித்தார். 2 நிமிடம் 5 விநாடி நீளம், 38 கட்கள். படமும் ஒலியும் பொருந்தும் சிங்க் சரியாக இருந்தது, ஆக்‌ஷன் தொடர்ச்சி எங்கும் துள்ளவில்லை, பேசும் இருவருக்கும் இடையிலான கற்பனைக் கோட்டைப் படம் தாண்டவில்லை. குறை சொல்ல இடமில்லாத வேலை என்றுதான் ஒரு தேர்வாளர் மதிப்பெண் போடுவார். ஆனால் காட்சி செத்திருந்தது. யார் பேசுகிறாரோ அவர் முகம், பேச்சு முடிந்தவுடன் அடுத்தவர் முகம், மறுபடி இவர் முகம் என்று டேபிள் டென்னிஸ் பந்துபோல் படம் போய்வந்தது. கீரை ஆயும் கையின் குளோசப்பை, காட்சியின் தொடக்கத்தில் 2 விநாடி அலங்காரமாக வைத்துவிட்டு, பிறகு தொடவே இல்லை.

அம்மாவின் குளோசப்பில் 4-வது டேக்கில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். 'அதுல அம்மாவுக்கு டயலாக்கே இல்ல சார்' என்றார். ரிப்போர்ட்டில் ஓகே டேக் எது என்று பார்த்து, அதையும் வசனம் உள்ள பகுதிகளை மட்டுமே ஓட்டிப் பார்த்திருக்கிறார். 41 நிமிடத்தில் அவர் உண்மையில் பார்த்தது 15 நிமிடம்கூட இருக்காது.

இதை அவருடைய சோம்பல் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. 14 மாதங்களும் அவர் பழகிய பொருள் என்ன என்று விசாரித்தபோது காரணம் புலப்பட்டது. மென்பொருள் பயிற்சிப் புத்தகத்தில் வரும் காட்சிகளில், எந்த கிளிப்பை எந்த ஃபிரேமில் வெட்டி எங்கே வைக்க வேண்டும் என்று வரிக்கு வரி சொல்லப்பட்டுவிடுகிறது. கருவியைக் கற்பிக்க அப்படித்தான் சொல்ல முடியும். அதைத் தவிர அவர் செய்த பயிற்சி எல்லாம், இணையத்தில் கிடைத்த தமிழ்ப் படக் காட்சிகளை இறக்கி, அவற்றைத் துண்டுபோட்டு மாற்றி அடுக்கியது. இப்படிப் பழகுபவர்கள் மிகப் பலர் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியான படத்தில் இருந்து எடுத்த காட்சியில் ஷாட் ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டது, டேக் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டது, ஒவ்வொரு ஷாட்டும் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று இன்னொரு எடிட்டர் இரவுபகலாக உட்கார்ந்து முடிவு செய்துவிட்டார். தூக்கி எறியப்பட்ட டேக்குகள் அங்கே இல்லை. அந்தப் பொருளில் டிரெய்லர் வெட்டப் பழகலாம். காட்சி வெட்டப் பழக முடியாது. கல்யாண வீடியோ அனுபவமும் இதற்கு உதவவில்லை, ஏனெனில் தாலி ஒருமுறைதான் கட்டப்படுகிறது. இரண்டாவது டேக் என்று ஒன்று கிடையாது.

பழைய அறைகளில் இருந்தது எது

நான் உதவியாளராகச் சேர்ந்த 1990களின் பிற்பகுதியில் அவிட் என்ற கணினி எடிட்டிங் கருவிகள் வந்துவிட்டன என்றாலும், பாசிட்டிவ் ஃபிலிமில் வெட்டும் அறைகளும் கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் இருந்தன. 35 எம்.எம். ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம், ஒரு நிமிடத்துக்கு 90 அடி, 1000 அடி கேன் என்றால் ஏறத்தாழ 11 நிமிடம். எடிட்டர் வெட்டிப் போடும் 4 ஃபிரேம் துண்டைக்கூட எண் எழுதிப் பத்திரப்படுத்துவது எங்கள் வேலை, ஏனெனில் மறுநாள் காலை அதையே அவர் திரும்பக் கேட்பார். ஒட்டி ஓட்டிப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், மறுபடி பிரிப்பார். ஒரு முடிவு எப்படித் தள்ளப்படுகிறது, ஏன் தள்ளப்படுகிறது என்பதை நாங்கள் நாள்முழுவதும் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தோம். எடிட்டர் ஸ்ரீகர் பிரசாத் தன் தந்தை சஞ்சீவியின் எடிட்டிங் அறையில்தான் தொழில் கற்றார் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அப்படிப்பட்ட அறை ஒரு மாணவருக்குக் கொடுப்பது முக்கியமாக, முடிவுகள் தள்ளப்படுவதைப் பார்க்கும் இந்த வாய்ப்பைத்தான் என்று நான் நினைக்கிறேன். இணையத்தில் நமக்குக் காட்டப்படுபவை பெரும்பாலும் வெற்றி பெற்ற கட்கள்.

இரண்டாவது, மூன்றாவது வெட்டு

மாணவரிடம் மூன்று வேலைகள் சொன்னேன். விசைப்பலகையைத் தொடாமல் 41 நிமிட ரஷ்ஷையும், கேமரா ஓடத் தொடங்கியது முதல் 'கட்' சொன்ன பிறகும் ஓடும் பகுதி வரை, ஒரே மூச்சில் பார்த்து, மனதில் ஏதாவது பட்ட இடத்தில் மட்டும் டைம்கோடை, அதாவது அந்த ஃபிரேமின் நேர எண்ணை, குறிக்க வேண்டும். பிறகு, ஒலியை முழுதாக அணைத்துவிட்டு, வாய் அசைவதை வைத்து அல்லாமல் முகத்தையும் கையையும் வைத்துக் காட்சியை வெட்ட வேண்டும். அதன் பிறகு, கட்களை முடிந்தவரை குறைத்து இன்னொரு வடிவம். ஒவ்வொரு கட்டுக்கும் காரணத்தை ஒரு வரியில் நோட்டில் எழுத வேண்டும். 'வசனம் முடிந்தது' என்பதைக் காரணமாக ஏற்க முடியாது என்றும் சொன்னேன்.

ரஷ் பார்த்து முடித்த அன்று மாலை அவரே வந்து 4-வது டேக்கைப் பற்றிச் சொன்னார். ஃபிரேமுக்கு வெளியே இருந்து மகளின் குரல் 'நான் வேலைய விட்டுட்டேன்மா' என்று கேட்கிறது. அம்மாவின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் காம்பை உருவிக்கொண்டிருந்த கை நின்றுவிடுகிறது. இரண்டு விரல்களுக்கு நடுவில் ஒரு சின்ன இணுக்கு அப்படியே இருக்கிறது. பிறகு கை மறுபடி ஆயத் தொடங்குகிறது, முன்பைவிட மெதுவாக. அதே செய்கை கையின் தனிக் குளோசப்பில் 2-வது டேக்கிலும் இருந்தது. 26 டேக்குகளில் அந்த நடிகை இரண்டே முறை அப்படிச் செய்திருக்கிறார்.

மூன்றாவது வடிவம் 2 நிமிடம் 48 விநாடி நீளமும் 13 கட்களும் கொண்டதாக இருந்தது. வேலையை விட்ட செய்தி மகளின் முகத்தில் சொல்லப்படவில்லை. நின்றுபோன கையின் மேல் அவள் குரல் கேட்டது. கை மறுபடி அசையத் தொடங்கும் அந்த ஃபிரேமில்தான் மகளின் முகத்துக்கு வெட்டியிருந்தார். ஷாட்டை 3 விநாடி, 4 விநாடி, 5 விநாடி, 7 விநாடி என்று நீட்டிப் பார்த்து, 5 விநாடியில் நிறுத்தியதாக நோட்டில் எழுதியிருந்தார். 7 விநாடிக்கு எதிரே 'நடிப்பு என்று தெரிகிறது' என்ற குறிப்பு. படமும் ஒலியும் வெவ்வேறு இடத்தில் மாறும் எல்-கட், ஜே-கட் ஆகிய இரண்டும் பெயரளவில் அவருக்கு ஓராண்டாகத் தெரிந்தவை. அன்றுதான் அவற்றுக்குத் தேவை எழுந்தது.

இதற்குப் பிறகு அவர் தன் இரண்டாவது நோட்டில் இருந்த காணொளிகளை மீண்டும் பார்க்கத் தொடங்கினார். மர்ச் ஏன் உணர்ச்சிக்கு 51 கொடுத்தார், அதாவது மற்ற ஐந்தையும் கூட்டினாலும் அது விஞ்சும்படி ஏன் வைத்தார் என்பதை இப்போது என்னோடு வாதிட்டார். கை நின்ற ஷாட்டில் முறத்தில் இருந்த கீரையின் அளவு முந்தைய ஷாட்டோடு பொருந்தவில்லை என்பதையும், அதை யாருமே கவனிக்கவில்லை என்பதையும் சான்றாகச் சொன்னார். பேட்டிகளைப் படிக்கும்போதும் ஒரு எடிட்டர் எந்தக் கட்டைக் கைவிட்டேன் என்று சொல்லும் வரிகளை மட்டும் தேடிக் குறித்தார். ரஷ்ஷோடு மோதிய பிறகு பார்க்கும்போது அதே பாடங்கள் வேறு பாடங்களாகிவிடுகின்றன என்பதை இந்த ஆய்வின் முக்கியமான கண்டறிதலாக வைக்கிறேன். அவர் பயன்படுத்திய எந்தத் தளமும் தவறானது அல்ல. வரிசைதான் தலைகீழாக இருந்தது.

வெட்டப்படாத பொருள் எங்கே கிடைக்கும்

என் அறையில் ரஷ் கிடைத்தது அவருடைய நல்வாய்ப்பு. அப்படி ஓர் அறை கிடைக்காதவர் என்ன செய்வது என்பதை அவரோடு சேர்ந்தே தேடிப் பார்த்தேன். எடிட்ஸ்டாக் என்ற தளம், குறும்படக் காட்சிகளின் ரஷ்ஷைத் திரைக்கதையோடு சேர்த்துப் பயிற்சிக்காகவே விற்கிறது. விலை நம்மவர்களுக்குச் சற்று அதிகம். நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கத் திட்டமிடும்போது உரிம விதிகளைப் படித்துக்கொள்ள வேண்டும். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் உள்ள பிரெலிங்கர் தொகுப்பில் பழைய அமெரிக்கக் கல்விப் படங்களும் விளம்பரப் படங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. உரையாடல் காட்சிக்கு அவை உதவா, ஆனால் பின்னணிக் குரலுக்குப் படம் அடுக்கிப் பழக நல்லவை. ஒலிக்கு, பார்சிலோனாவில் ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் ஃப்ரீசவுண்ட் தளம் போதும்.

எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது, அவரும் நண்பர்கள் மூவரும் பெரம்பூரில் ஒரு டீக்கடை வாசலில் கைப்பேசியில் எடுத்த காட்சி. ஒரே பக்க வசனம், 5 கோணங்கள், ஒவ்வொன்றிலும் குறைந்தது 4 டேக் என்று நிபந்தனை வைத்திருந்தேன். ஒலியைத் தனி ரெக்கார்டரில் பதிவு செய்தார்கள். அதில் வந்த சிக்கல் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிளாப் அடித்த இடத்தில் படமும் ஒலியும் சரியாகப் பொருந்தின. ஆனால் நீளமான டேக்குகளில் போகப்போக உதடு முந்தியது, ஒலி பிந்தியது. மென்பொருளில் கோளாறு என்று எண்ணி இரண்டு முறை அதை நீக்கி மறுபடி நிறுவியிருக்கிறார். மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் அந்தக் கோப்பைத் திறந்து காட்டினேன். ஃபிரேம் வேகம் 'மாறுவது' என்று அதில் இருந்தது. பல கைப்பேசிகள் வெளிச்சத்துக்கும் செயலியின் சுமைக்கும் ஏற்ப ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்கின்றன. எடிட்டிங் மென்பொருளோ விநாடிக்கு 24 அல்லது 25 ஃபிரேம் என்று நிலையான வேகத்தை எதிர்பார்க்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றியதும் சிங்க் விலகாமல் நின்றது. அவருடைய மடிக்கணினியில் 8 ஜிபி ராம் மட்டுமே இருந்ததால், கால் அளவு பிராக்சி (எடை குறைந்த மாற்றுப் பிரதி) உருவாக்கி வேலை செய்யும் பழக்கத்தையும் அப்போதே பிடித்துக்கொண்டார்.

டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் வியாசர்பாடியில் அவர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, கட்டிலுக்குக் கீழே இருந்த ஹார்ட் டிஸ்க் நனைந்தது. டீக்கடைக் காட்சியின் பெரும்பகுதி போயிற்று. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்ற விதி அவருடைய முதல் நோட்டிலேயே எழுதப்பட்டிருந்தது. காட்சியை ஜனவரியில் மறுபடி எடுத்தார்கள்.

ஒப்படைப்பு

இணையப் பாடங்கள் ஏறத்தாழ மௌனமாக இருக்கும் இடம் இதுதான். எடிட் லாக் ஆன பிறகு, அதாவது வெட்டு இறுதியான பிறகு, படம் நம் கையை விட்டு டி.ஐ. என்னும் வண்ணச் சீரமைப்புக்கும் ஒலி வடிவமைப்புக்கும் ரீரெக்கார்டிங்குக்கும் போகிறது. யூடியூபுக்காக வெட்டுபவருக்கு இந்தக் கட்டமே இல்லை என்பதால், பாடம் நடத்துபவர்களும் இதைத் தொடுவதில்லை. கீரைக் காட்சி உள்ள குறும்படத்தை லாக் செய்ததும், வெட்டிய ஒலித் துண்டுகளை அவற்றின் இடங்களோடு ஒலிப் பிரிவுக்குக் கொண்டுசெல்லும் ஏஏஎஃப் கோப்பைத் தயாரிக்கும் பொறுப்பை அவரிடமே விட்டேன். மறுநாள் அது திரும்பி வந்தது. வசனமும் தற்காலிக இசையும் ஒரே டிராக்கில் மாறிமாறிக் கிடந்தன. ஒவ்வொரு ஒலித் துண்டும் கட் விழுந்த இடத்திலேயே அறுந்திருந்ததால், ஒலிப் பொறியாளருக்கு ஃபேடு செய்ய, அதாவது ஒலியை மெல்ல ஏற்றி இறக்க, முன்னும் பின்னும் ஒரு ஃபிரேம்கூட இல்லை. பார்வைக்கான காணொளியில் டைம்கோடு பொறிக்கப்படவில்லை. ஒலிப் பொறியாளர் கோபப்படவில்லை. 'தம்பிக்கு யாரும் சொல்லித் தரலைபோல' என்று மட்டும் சொன்னார். அது என்னைத்தான் உறுத்தியது.

இரண்டு நாட்கள் உட்கார்ந்து சரிசெய்தோம். வசனத்துக்கு ஆளுக்கு ஒரு டிராக், சூழல் ஒலிக்குத் தனி, இசைக்குத் தனி. ஒவ்வொரு துண்டுக்கும் இருபுறமும் 2 விநாடி கூடுதல் ஒலி. டைம்கோடு பொறித்த காணொளி. படத்தின் முதல் ஃபிரேமுக்குச் சரியாக 2 விநாடி முன்பு ஒரே ஒரு ஃபிரேம் நீளத்துக்கு 'பிப்' ஒலி, படமும் ஒலியும் பொருந்துகின்றனவா என்று அங்கே உட்காருபவர் பார்த்துக்கொள்வதற்காக. மென்பொருளின் முழுக் கையேட்டில் இவை ஒவ்வொன்றையும் செய்யும் வழி இருக்கிறது. ஏன் செய்ய வேண்டும் என்பது மட்டும் எதிர்முனையில் வேலை பார்க்கும் மனிதரிடம்தான் கிடைத்தது. அதனால் அந்த ஒலிக்கூடத்திலேயே ஒருநாள் முழுக்க அவரை உட்கார அனுமதி வாங்கிக் கொடுத்தேன்.

2024 மே மாதம், இயக்குநர் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு ஒரு மாற்றம் கேட்டார். கை நிற்கும் ஷாட்டுக்குப் பிறகு மகளின் முகத்துக்குப் போக வேண்டாம், வைட் ஷாட்டுக்குப் போகலாம், இருவரையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்றார். மாணவர் அந்தக் கட்டின் மேல் வைத்திருந்த பிரியம் எனக்குத் தெரியும். பேசாமல் மாற்றினார், ஓட்டிப் பார்த்தார், பிறகு, வைட் ஷாட்டில் கை ஏற்கெனவே வேகமாக ஆய்ந்துகொண்டிருப்பதால் 9 ஃபிரேம் முன்னதாகவே வெட்டலாமா என்று இயக்குநரிடம் கேட்டார். இருவரும் நான்கு முறை ஓட்டிப் பார்த்து, 6 ஃபிரேமில் ஒத்துக்கொண்டார்கள். பழைய வடிவத்தைத் தேதி போட்டு வேறு டைம்லைனாகச் சேமித்துவிட்டு, புதிய ஏஏஎஃப் கோப்பையும் காணொளியையும், எந்த ஷாட் எத்தனை ஃபிரேம் மாறியது என்ற அரைப் பக்கக் குறிப்பையும் அன்று மாலையே ஒலிக்கூடத்துக்கு அனுப்பினார். இம்முறை அங்கிருந்து கேள்வி எதுவும் வரவில்லை.